கோழி கிணற்றில் விழுந்தது

ஈஜிபுரா, பெங்களூரு
டிசம்பர், முதல் ஞாயிறு

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நீயும் அந்த ராஞ்சிக் குளிரில் விறைத்துப்போகாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். கன்னியர் மடத்தில் போன் கூடாது, மாதம் ஒரு கடிதம்தான், வருகிற கடிதத்தையும் உங்கள் மதர் முன்னால் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்லிக் காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஜெயிலில்கூட இவ்வளவு இல்லை. நான் திட்டுகிற இடங்கள் வந்தால் தாண்டிப் போய்விடு. பெங்களூரில் நல்ல மழையாம் மதர் என்று ஏதாவது சொல்லி வை. அவருக்குத் தமிழ் தெரியாதது நம் அதிர்ஷ்டம்.

போன வாரம் உன் அம்மாவைக் காக்ஸ் டவுன் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். முட்டி வலி குறையவில்லை. கடவுளுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டேன் என்று பெருமையாகத்தான் சொன்னார். ஆனால் என் கையைப் பிடித்தவர் பஸ் வந்தும் விடவில்லை. அந்த பஸ் போய், அடுத்ததும் போனது. "டீச்சராவே ஆயிருக்கலாம்ல கிருத்தி? ஞாயித்துக்கெழமயாவது வீட்ல இருந்திருப்பா" என்றார். முதல் வருடத்தோடு டி.எட்.டை விட்டுவிட்டு நீ கிளம்பியதற்கு எனக்கே இன்னும் உன்மேல் கோபம் போகவில்லை. உன் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வது?

கல்லூரியில் ஒன்றும் மாறவில்லை. வாசிப்பு கற்பித்தல் பாடத்துக்கு இந்த வருடமும் ஜெயலக்ஷ்மி மேடம்தான். அதே பழுப்பேறிய நோட்ஸ். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதுகிறோம். மனப்பாடம் ஏன் கூடாது என்பதற்கு ஏழு காரணங்கள் கொடுத்தார். ஏழையும் மனப்பாடம் செய்து டெஸ்ட் எழுதினோம். எனக்கு நான்காவது காரணம் மறந்துவிட்டது, மார்க் போனது. ஜூன் மாதம் நாங்கள் எல்லோரும் டீச்சர். எங்களில் ஒருத்திகூட இதுவரை ஒரு பிள்ளையை எதிரில் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததில்லை.

பயிற்சிக்கு என்னை அனுப்பியிருக்கும் பள்ளி எங்கள் ஈஜிபுராவிலேயே இருக்கிறது. கீழே மெடிக்கல் ஷாப், அதற்கு மேலே மூன்று மாடி இங்கிலீஷ் மீடியம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், படியேறினால் இங்கிலீஷ். எனக்கு நான்காம் வகுப்பு. முதல் நாள் ஒரு பாடத்தைச் சொல்லி, யார் படிக்கிறீர்கள் என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கடகடவென்று படித்தாள். கிணற்றடியில் ஒரு கோழி, அந்தப் பாடம். ஒரு தடங்கல் கிடையாது. விரல் வரிக்கு வரி ஓடியது. அசந்துபோய்ப் பக்கத்தில் போனேன். அவள் திறந்து வைத்திருந்த பக்கத்தில் கோழியே இல்லை. ரயில் படம் போட்ட வேறு பாடம்.

அவள் பெயர் ஸ்னேஹா. இப்போது படித்தாயே, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். "படிக்கத்தானே மிஸ் சொன்னீங்க?" என்றாள்.

ஹெச்.எம். உஷா மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன், என்னவோ பெரிய உண்மையைக் கண்டுபிடித்தவள் மாதிரி. அவர் பரீட்சைத் தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "தெரியும்மா. ஒண்ணாவதுலேர்ந்தே அப்டித்தான் ஓட்டிட்டு வருது. அஞ்சாவதுல பரீட்சப் பேப்பர் வெளியிலேர்ந்து வரும், அங்க மாட்டிக்கும். மார்ச்ல டி.சி. குடுத்துடுவேன். கவர்மென்ட் ஸ்கூல் எதுக்கு இருக்கு?" என்றார்.

ஸ்னேஹாவின் அம்மா தொம்மலூரில் ஓர் ஆபீசில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. சாயந்திரம் அவர் காய் நறுக்கும்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டுவாளாம். கேட்டில் என்னைப் பிடித்துச் சொன்னார்: "எங்க வூட்லயே மொத மொதல்ல இங்கிலீஷ் படிக்கிற புள்ள மிஸ். அவ படிச்சா எனக்கு ஆபீஸ் களப்பே போயிடும்." அதைக் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. டி.சி. பற்றி அவருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

முதல் வருடத்தில் உன் சித்தி மகள் கல்யாணப் பத்திரிகையை வெட்டி ஓர் அட்டை செய்தாயே, நடுவில் சின்ன ஜன்னல் வைத்து? ஒரு நேரத்தில் ஓர் எழுத்து மட்டும் தெரியும்படி வரி மேல் நகர்த்துவாயே? அது என் பையில்தான் இருக்கிறது. நாளையிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்னேஹாவை மாடிப்படியில் உட்காரவைத்து ஆரம்பிக்கப் போகிறேன். டி.சி. வருவதற்குள் அவளுக்கு நிஜமாகவே படிக்க வர வேண்டும். உனக்கு ஜெபத்தில் நம்பிக்கை இருந்தால் செய். எனக்கு அட்டைதான்.

உன் தோழி,
கிருத்திகா


ஈஜிபுரா
பிப்ரவரி, வெள்ளி

அன்புள்ள ஆஞ்சலா,

பொங்கல் கழித்து உன் கடிதம் வந்தது. பொறுமை என்ற சொல்லை எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறாய்! மடத்தில் சொல்லிக்கொடுத்ததா? இன்றைக்கு என்னிடம் அந்தச் சரக்கு இல்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்னேஹாவுக்கு இருபத்தாறு எழுத்தின் பெயரும் தெரியும். அதுதான் தொல்லையே. எச், இ, என் என்று சொல்லி, அது எப்படி மிஸ் ஹென் ஆகும் என்று கேட்டாள். யாரும் அவளுக்கு அதைச் சொன்னதில்லை. எனக்கும் யாரும் சொன்னதில்லை, நானும் கூட்டத்தோடு கத்திக் கத்தித்தான் வந்தேன். பெயரை விடு, சத்தத்தை மட்டும் சொல் என்றேன். அட்டையை வைத்து நகர்த்தினோம். ஹ். எ. ன். திரும்ப. ஹ். எ. ன். பாதி சாப்பாட்டு நேரம் போனது. சட்டென்று கண்ணை உயர்த்தி, "கோழியா மிஸ்?" என்றாள். ஆஞ்சலா, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் ராஞ்சிக்குப் போயிருக்க மாட்டாய்.

அதற்குப் பிறகு விடவில்லை. மாடிப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் எதிர் பேக்கரி போர்டு தெரியும். ஒரு நாள் அவளாகவே அதில் பன் என்று படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறந்ததிலிருந்து தின்கிற பன். அது இத்தனை நாளும் அந்த போர்டிலேயே எழுதியிருந்தது என்பது அவளுக்குத் தாங்கவில்லை. கோழிப் பாடத்தை மட்டும் வேண்டுமென்றே நான் தொடவில்லை. அதைத் திறந்தால் கண்ணுக்கு முன்னால் வாய் ஓடிவிடும்.

இப்போது கெட்டது.

இரண்டாம் வருடத்துக்கு முன்பே நீ போய்விட்டதால் இறுதிப் பாடம் என்ற கூத்து உனக்குத் தெரியாது. வெளியிலிருந்து ஒரு எக்ஸாமினர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நாம் பாடம் எடுப்பதைப் பார்ப்பார். அதற்கு முன்னால் வகுப்பை ரெடி பண்ண வேண்டும், அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு வாரம் அதே பாடம், அதே வகுப்பு, அதே கேள்வி. எந்தக் கேள்விக்கு யார் எழுந்திருப்பது, எந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பது, எல்லாம் ஒத்திகை. நாற்பது பிள்ளைகளின் விரலும் வரிக்கு அடியில் ஒரே வேகத்தில் நகர வேண்டும். வாசிக்க வராத பிள்ளைகளை அன்றைக்கு மேல் மாடி கம்ப்யூட்டர் ரூமுக்கு அனுப்பிவிடுவார்கள். ஓடாத கம்ப்யூட்டர் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருக்கும். பக்கம் மாறிப் படித்து மாட்டிவிடுவாள் என்று ஸ்னேஹாவையும் அதில் சேர்த்திருந்தார்கள். ஜெயலக்ஷ்மி மேடமே வந்து மேற்பார்வை பார்த்தார். "புள்ளைங்க திக்கக் கூடாது. அதுங்க திக்கினா உனக்குத்தான் மார்க் போவும்" என்றார். மனப்பாடம் கூடாது என்று ஏழு காரணம் சொன்ன அதே வாய்.

எல்லோரும் செய்ததை நானும் செய்தேன். கோழிப் பாடத்தை இரண்டு வாரம் பாடவைத்தேன். ஒன்றை மட்டும் மாற்றினேன், யாரிடமும் சொல்லவில்லை. நேற்று என் முறை வந்தபோது ஸ்னேஹாவைக் கம்ப்யூட்டர் ரூமிலிருந்து கூட்டி வந்து பெஞ்சில் உட்காரவைத்தேன். என் கணக்கு இதுதான்: வெளி ஆள் ஒருவர் முன்னால் அவள் சொந்தமாக ஒரு வரி படித்துவிட்டால், உஷா மிஸ்ஸால் டி.சி. கொடுக்க முடியாது.

எக்ஸாமினர் சேஷகிரி சார் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். கெட்டவர் இல்லை. உஷா மிஸ் கொடுத்தனுப்பிய டிபனைக்கூட வேண்டாம் என்றவர். வகுப்பு மொத்தமும் பக்கத்தைப் பாடி முடித்தது. சார் தலையாட்டினார். பிறகு ஸ்னேஹாவை எழுப்பி, அட்டையைக் கையில் கொடுத்து, ஜன்னலில் தெரிவதை மட்டும் படி, மெதுவாகப் படி என்றேன்.

படித்தாள். ஹ். எ. ன். வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஃபெ. ல். சார் வாட்சைப் பார்த்தார். உஷா மிஸ் வாசலில் வந்து நின்றார். அவள் யாரையும் பார்க்கவில்லை, அட்டையை மட்டும் நகர்த்தினாள். இன். அப்புறம் அட்டை அடுத்த எழுத்தில் நின்றுவிட்டது. வெ. ல். வெல். நின்றாள். மறுபடி ஆரம்பத்திலிருந்து உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். தலையைத் தூக்கியபோது முகம் வெளுத்திருந்தது. "ஐயோ மிஸ்! கோழி கெணத்துல வுழுந்துடுச்சு!"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. ஆஞ்சலா, நாற்பது பிள்ளைகள் இரண்டு வாரமாக அந்த வரியைப் பாடியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் கோழி விழவில்லை. பாடவைத்த எனக்கே விழவில்லை என்றுதான் தோன்றுகிறது. இவள் ஒருத்திதான் பதறினாள். அப்புறம் என்ன ஆச்சு பார் என்றேன். அவள் அவசர அவசரமாக அட்டையை அடுத்த வரியில் வைத்தாள். அப்போதுதான் சேஷகிரி சார், "சாக்கம்மா, சாக்கு" என்றார். போதுமாம்.

அவர் எழுதிப்போனது: வகுப்பு தயார் செய்யப்படவில்லை. வாசிப்பில் சரளம் இல்லை. ஆங்கிலப் பாடத்தில் தாய்மொழி கலந்தது. துணைக்கருவி தரமானதாக இல்லை. இது உன் அட்டைக்கு. நான் மார்ச்சில் மறுபடி பாடம் எடுத்துக் காட்ட வேண்டும். பக்கத்து செக்‌ஷனில் தர்ஷினி, நம் வகுப்புத் தர்ஷினிதான், அதே கோழியைத் தாளம் தப்பாமல் பாடவைத்து முதல் மார்க். ஜெயலக்ஷ்மி மேடம் என்னை வராந்தாவில் நிறுத்தி, "யாருடி உன்னை ஹீரோயின் ஆகச் சொன்னது? அந்தப் பொண்ண மேலயே வுட்டிருந்தா பாஸ் ஆயிருப்பியே, மண்டு" என்றார். பாவம், அக்கறையோடுதான் திட்டினார்.

சாயந்திரம் உஷா மிஸ் ஸ்னேஹாவின் அம்மாவைக் கூப்பிட்டு டி.சி. விஷயத்தைச் சொல்லிவிட்டார். நான் கேட்டைத் தாண்டும்போது அவர் நின்றிருந்தார், ஆபீஸ் யூனிபார்மோடு. அழவில்லை. சண்டையும் போடவில்லை. கேட்டார், அவ்வளவுதான்: "வூட்ல கடகடன்னுதானே மிஸ் படிச்சிட்டிருந்தா? நீங்க சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சப்புறந்தானே திக்குறா?"

இதற்கு என்ன பதில் என்று எந்த நோட்ஸிலும் இல்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. பொறுமை என்று மட்டும் எழுதாதே.

கிருத்திகா


ஈஜிபுரா
மார்ச் கடைசி

அன்புள்ள ஆஞ்சலாவுக்கு,

உன் அம்மா நலம். முட்டிக்கு ஊசி போட்டார்கள், இப்போது சர்ச்சுக்கு நடந்தே போகிறார். ஈஸ்டருக்கு உன் போட்டோ ஒன்று வேண்டுமாம். வெள்ளை உடுப்பில் நீ எப்படி இருக்கிறாய் என்று பார்க்க வேண்டும் என்கிறார். அனுப்ப விடுவார்களா என்று கேட்டுச் சொல்.

நான் பாஸ். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அப்பா தெருவில் எல்லோருக்கும் மைசூர்பாக் கொடுத்துவிட்டார்.

ஸ்னேஹாவுக்கும் டி.சி. இல்லை. அவள் அம்மா மூன்று நாள் வேலைக்கு லீவு போட்டு ஆபீஸ் ரூம் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். உஷா மிஸ்ஸுக்கும் மனசு இருக்கத்தானே செய்யும். அடுத்த வருடத்துக்குத் தர்ஷினியை அங்கேயே வேலைக்கு எடுத்துவிட்டார்கள். இந்தப் பெண்ணை நீ ரெடி பண்ணு, பார்க்கலாம் என்று அவளிடம் ஒப்படைத்தார். தர்ஷினி கெட்டிக்காரி. தினமும் பள்ளி விட்டதும் உட்காரவைத்து, கோழிப் பாடம் மட்டுமில்லை, ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தும் முதல் நாலு பாடத்தை வாயில் ஏற்றிவிட்டாள். கேள்வி பதிலோடு. பக்கம் மாறாமல் இருக்க மூலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் ஸ்டிக்கர். இனி ரயில் பக்கத்தில் கோழி வராது.

நான் மறுபாடம் எடுக்க வேண்டிய வகுப்பும் அதுவே. அதே பாடம், அதே சேஷகிரி சார். முந்தின நாள் ராத்திரி சாப்பிடும்போது, இந்தத் தடவையும் நிஜமாகவே படிக்க வைக்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு மணி நேரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா. அப்புறம் ஆயுசு பூரா உன் இஷ்டம்" என்றார். ஆபீஸ் கேன்டீனில் பத்து வருடமாக எல்லாவற்றையும் அட்ஜஸ்ட் செய்துகொண்டு என்னைப் படிக்க வைக்கிறவர். சாப்பிட்டுவிட்டு, பாடக் குறிப்பைப் பழையபடியே எழுதிவைத்தேன்.

பாடம் நடந்தது. எல்லாக் கையும் சொன்ன நேரத்தில் எழுந்தது. ஸ்னேஹாவை எழுப்பினேன். இந்தத் தடவை உஷா மிஸ்ஸே அவளை எழுப்பச் சொல்லியிருந்தார். பையிலிருந்து அட்டையை எடுத்தேன். அவள் வேண்டாம் என்று கையாட்டிவிட்டாள். புத்தகத்தை உயர்த்திப் பிடித்து ஆரம்பித்தாள். ஒரு தடங்கல் இல்லை. விரல் வரிக்கு அடியில் ஓடியது. கண் புத்தகத்தில் இல்லை, சார் முகத்தில் இருந்தது. த ஹென் ஃபெல் இன் த வெல். அந்த வரி வந்தபோது நான் அவளையே பார்த்தேன். தலையை அப்படியும் இப்படியும் ஆட்டி, சிரித்துக்கொண்டே, பாட்டு மாதிரி சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

சேஷகிரி சார் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். சார் என்னிடம், ஒரே மாதத்தில் அந்தப் பெண்ணை எவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டாய் என்று மனசாரப் பாராட்டினார். அதற்கும் மார்க் போட்டிருக்கிறார்.

அப்புறம் அவளை மாடிப்படிக்குக் கூட்டிப் போனேன். ஜன்னல் வழியாக எதிர் பேக்கரி போர்டைக் காட்டி, படி என்றேன். அவள் போர்டையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்ட மாதிரி, "அது பாடத்துல இல்ல மிஸ்" என்றாள். சின்னதுதானே, சத்தம் சொல்லிப் பார் என்றேன். ஒரு நொடி உதடு குவிந்தது. ப் வரைக்கும் வந்தாள் என்றுதான் நினைக்கிறேன். அப்புறம் வாயை மூடிக்கொண்டாள். "திக்குனா அம்மா பயப்படுது மிஸ்" என்றாள். "எனக்கு இப்பதான் நல்லா வருதே மிஸ்" என்று சிரித்துவிட்டு இறங்கி ஓடினாள். கேட்டில் அவள் அம்மா தர்ஷினிக்கு ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

தர்ஷினிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவளால்தான் அந்தப் பெண் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்ததற்கு அவளுக்குக் கிடைக்க இருந்தது டி.சி. இதை எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தாலும் அப்படித்தான் நிற்கிறது. ஐந்தாம் வகுப்பும் ஓடிவிடும். ஆறாவதில் பாடம் நீளும், ஏழில் இன்னும் நீளும், எங்கேயோ ஓரிடத்தில் வாய் தோற்கும். அப்போது அந்த வகுப்பில் இருக்கிற டீச்சர், இதை யார் இதுவரை அனுப்பினார்கள் என்று கேட்பார். அவரும் எங்கேயோ ஒரு மேடத்தின் நோட்ஸில் ஏழு காரணம் எழுதியவராகத்தான் இருப்பார்.

உஷா மிஸ் எனக்கும் வேலை தருவதாகச் சொன்னார். ஜூனிலிருந்து ஒன்றாம் வகுப்பு. "நல்லா ரெடி பண்றே நீ" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். ஒன்றாம் வகுப்பில் முதலிலிருந்து ஆரம்பிக்கலாமே என்று நீ எழுதுவாய். அறுபது பிள்ளைகள், ஒரு நாளைக்கு ஒரு பக்கம், மாதக் கடைசியில் பெற்றோர் முன்னால் எல்லோரும் கடகடவென்று படித்துக் காட்ட வேண்டும். அதுதான் அங்கே வழக்கம். மாடிப்படியில் ஒரு பிள்ளையை உட்காரவைக்கலாம். அறுபது பேரை எங்கே உட்காரவைப்பேன்?

உன் மடத்துப் பள்ளியில் உனக்கும் ஒரு நாள் ஒரு வகுப்பு கொடுப்பார்கள். அங்கே இருக்கிற பிள்ளைகளுக்கும் வீட்டில் ஒரு பாஷை, படியேறினால் வேறு பாஷை. அதனால் அந்த அட்டையை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ஓரம் கொஞ்சம் நைந்துவிட்டது. பொண்ணு மாப்பிள்ளை பெயர் பாதிதான் தெரியும். என்னிடம் இருந்தால் அது பையிலேயே கிடக்கும், எனக்குத் தெரியும்.

முதல் கடிதத்தில், நான் திட்டுகிற இடங்களைத் தாண்டிவிடு என்று எழுதினேன். மழை பெய்கிறதாம் என்று சொல் என்றேன். இந்தக் கடிதத்துக்கு அப்படிச் செய்யாதே ஆஞ்சலா. மதர் முன்னால் உட்காரும்போது அட்டையை வரி மேல் வைத்துக்கொள். ஜன்னலில் தெரிவதை மட்டும் சொல். ஆங்கிலம் வராத இடத்தில் திக்கினால் திக்கு. அவர் வாட்சைப் பார்த்தாலும், போதும் என்றாலும், நிறுத்தாதே. கோழி விழுந்த இடம் வரும்போது மட்டும் சிரிக்காதே. அது விழுந்துவிட்டது என்று அவருக்குப் புரிகிற மாதிரி சொல்.

உன் கடவுள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும்.

கிருத்திகா